கைனேஸை அடக்கினால் அம்மாவின் மறதி நின்றுவிடுமா?

கடிதம், சுருக்கமாக: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவருடைய அம்மாவுக்கு 71 வயது, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடமாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. காய்கறிக்காரருக்கு ஒரே காலையில் இரண்டு முறை பணம் கொடுத்ததும், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்ததும் வீட்டாரை உஷார்ப்படுத்தின. அரசாங்க மருத்துவமனையில் பார்த்துவிட்டு 'ஆரம்பநிலை அல்சைமர்' என்று சொல்லி டொனெபெசில் கொடுத்திருக்கிறார்கள். அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட், இரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட். முட்டி வலிக்கு ஃபார்மசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக். அரிப்புக்கும் தூக்கத்துக்கும் இரவில் ஒரு பிரிட்டோன்.

கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் நிறையப் படிக்கிறவர். "டொனெபெசில் சும்மா ஒப்புக்கு. நோயின் வேர் கைனேஸ் என்ற நொதி, அதை அடக்கும் மருந்து இருக்கிறது" என்கிறார். லித்தியம் ஓரோடேட் போத்தல் ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்பிவிட்டார். தெரிந்தவர் மூலம் சென்னையிலிருந்து, கைனேஸை அடக்கும் நிலோடினிப் என்ற இரத்தப் புற்றுநோய் மாத்திரையையும் வரவழைக்கப் பார்க்கிறார். அம்மா மறுப்பார் என்பதால் மைலோவில் கலக்கிக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. வாசகி கேட்கிறார்: "கைனேஸ்தான் காரணம் என்றால் அதை நிறுத்தினால் நோய் நிற்க வேண்டாமா? பெரியம்மாவுக்கும் இதே மறதி இருந்தது. எனக்கு 43 ஆகிறது, எனக்கும் வருமா?" கடைசியில் ஒரு வரி: "இப்போதெல்லாம் காலை 11 மணிக்கு மேல் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, என்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சாப்பிட்ட பிறகு தெளிகிறார். நோய் வேகமாக முற்றுகிறதா?"

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தில் பெரும்பகுதி கைனேஸ் பற்றித்தான். ஆனால் என்னை நிறுத்தியது அந்தக் கடைசி வரி. முதலில் அதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது இந்த வாரமே கவனிக்க வேண்டிய விஷயம்.

அல்சைமர் நேரம் பார்த்து வந்து, சாப்பிட்டதும் போகாது. வியர்வை, குழப்பம், சோறு உள்ளே போனதும் தெளிவு என்று நீங்கள் எழுதியிருப்பது சர்க்கரை இறங்குவதைப் போலத் தெரிகிறது. கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. டொனெபெசில் சிலருக்குக் குமட்டலைக் கொடுத்துப் பசியைக் குறைக்கும். அம்மா காலையில் அரை ரொட்டித் துண்டோடு எழுந்துவிடுகிறாரா? மாத்திரை போட்டதை மறந்து இன்னொன்றும் போடுகிறாரா? இரண்டும் நடக்கக்கூடியவை.

அடுத்த தடவை வியர்க்கும்போது விரலில் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீரை முதலில் கொடுங்கள். விழுங்க முடியாத அளவுக்கு மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், 999-ஐ அழையுங்கள். தேதி, நேரம், எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி இந்த வாரமே கிளினிக்குக் கொண்டுபோங்கள். மறதி நோய் உள்ள முதியவருக்குச் சர்க்கரையை இளவயதினரைப் போல இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பதே பொதுவான வழிகாட்டல். மாத்திரையை மாற்றுவதா, குறைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரத்தப் பரிசோதனை எடுக்கும்போது வைட்டமின் பி12-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும், அந்தக் குறைவே மறதியைக் கூட்டும். பிரிட்டோனை மருத்துவரிடம் கேட்டு விட்டுவிடுங்கள். டொனெபெசில் மூளையில் நினைவுக்கு உதவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கூட்டப் பார்க்கிறது, பிரிட்டோன் அதே அசிடைல்கோலினைத் தடுக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுப்பதில் அர்த்தமில்லை.

சரி, இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம்.

கைனேஸ் வில்லன் இல்லை

அண்ணன் படித்ததில் பாதிக்கு மேல் உண்மை. 1906-இல் அலோய்ஸ் அல்சைமர் தம் நோயாளியான ஒரு பெண்ணின் மூளையில் இரண்டு வகைச் சேதங்களைக் கண்டார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகள், உள்ளே சிக்கு விழுந்த நார்கள். திட்டு அமிலாய்டு என்ற புரதம். சிக்கு, டௌ என்ற புரதம். நரம்பணுவின் நீண்ட கிளைக்குள் பொருள்களைக் கொண்டுபோகும் நுண்குழாய்களைத் தண்டவாளம் என்று வைத்துக்கொண்டால், டௌ அதைப் பிடித்து நிறுத்தும் கட்டை. 1986-இல் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: அல்சைமர் மூளையில் இந்த டௌவின் மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டியிருக்கிறது. இயல்பான மூளையில் இருப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு. அந்தப் பாரத்தில் டௌ குழாயை விட்டு நழுவி, தன்னோடு தானே ஒட்டிச் சிக்காகிறது.

பாஸ்பேட்டை ஒட்டுகிற வேலைதான் கைனேஸ் நொதிகளுடையது. மனித உடலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. டௌவின் மேல் அதிகம் கை வைப்பவை என்று ஜி.எஸ்.கே-3, சி.டி.கே-5 என்ற இரண்டைச் சொல்வார்கள். ஃபின் என்ற இன்னொன்று, அமிலாய்டு நரம்பணுக்களின் இணைப்பைக் கெடுப்பதில் பங்கெடுக்கிறது. பி38 என்ற ஒன்று மூளையின் அழற்சியோடு சம்பந்தப்பட்டது. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளும் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று அல்சைமர் மூளையில் சோர்ந்துபோயிருக்கும். ஒட்டுவது கூடி, கழற்றுவது குறைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனின் கணக்கு இடறுவது இதற்கு அடுத்த படியில். 'கைனேஸ் கெடுக்கிறது, ஆகவே நிறுத்து' என்கிறார். ஆனால் புதிய நினைவு ஒன்று மூளையில் பதிவதற்கே கைனேஸ் வேண்டும். நரம்பணு இணைப்பு உறுதிப்படுவது கேம்-கைனேஸ், பி.கே.ஏ. போன்றவற்றின் வேலை. மறதிக்கு மருந்து தேடியவர்களில் சிலர், பி.கே.சி. என்ற கைனேஸைத் தூண்டிவிடும் பிரையோஸ்டாடின் என்ற பொருளைக்கூடச் சோதித்தார்கள். அதுவும் கைகொடுக்கவில்லை. ஜி.எஸ்.கே-3-க்குக் கிளைகோஜன் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை), செல் வளர்ச்சி என்று உடல் முழுக்க வேலை இருக்கிறது. டௌவில் பாஸ்பேட் ஒட்டக்கூடிய இடங்கள் எண்பதைத் தாண்டும். ஒரு கைனேஸை அடைத்தால் இன்னொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மறதி வெளியே தெரியும் நேரத்தில் சிக்கு விழுந்து பல வருடம் ஆகியிருக்கும். இனி ஒட்டாமல் தடுப்பதால் ஏற்கெனவே விழுந்த சிக்கு அவிழாது.

இது வெறும் ஊகம் இல்லை, மனிதர்களிடம் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஜி.எஸ்.கே-3-ஐ அடக்கும் டைடிக்ளுசிப் 306 பேரிடம் சோதிக்கப்பட்டது, 2015-இல் வந்த முடிவில் நினைவாற்றலுக்குப் பலன் இல்லை. ஃபின்னை அடக்கும் சாராகாடினிப் 159 பேரிடம், 2019, அங்கும் பலன் இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். பி38-ஐ அடக்கும் நெஃப்லமாபிமோட் 2021-இல் அல்சைமரில் நினைவைக் கூட்டவில்லை. மாசிடினிப் என்ற ஒன்றில் மட்டும், 24 வார ஆய்வில் ஓர் அளவில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அதை உறுதிப்படுத்த இன்னொரு பெரிய ஆய்வு வேண்டும், இரத்த வெள்ளணு குறைவதையும் கவனிக்க வேண்டும். இன்றைய தேதிக்கு, கைனேஸை அடக்கி அல்சைமரைக் குணப்படுத்தும் மருந்து என்று எந்த நாட்டிலும் நிரூபிக்கப்பட்ட ஒன்று இல்லை.

கைனேஸ் ஆராய்ச்சி நோயைக் கண்டுபிடிப்பதில்தான் முதலில் பலன் கொடுத்தது. டௌவின் 217-ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டியிருப்பதை இப்போது இரத்தத்திலேயே அளக்கிறார்கள். அந்த அளவைப் பயன்படுத்தும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது.

அந்த லித்தியம் போத்தல்

அண்ணன் இதை வாங்கியதன் பின்னணி எனக்குப் புரிகிறது. லித்தியம் ஜி.எஸ்.கே-3-ஐ அடக்கும் என்பது பழைய செய்தி. 2025 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ஹார்வர்ட் ஆய்வாளர்களின் கட்டுரை வந்ததும் உலகமே பேசியது. அல்சைமர் மூளையில் இயற்கையாக இருக்க வேண்டிய லித்தியம் குறைகிறது, இருப்பதையும் அமிலாய்டுத் திட்டுகள் பிடித்துவைத்துக்கொள்கின்றன, லித்தியம் ஓரோடேட் கொடுத்த எலிகளுக்கு நினைவு திரும்பியது என்றார்கள். நல்ல ஆய்வுதான், நானும் ஆர்வமாகப் படித்தேன். ஆனால் திரும்பியது எலிகளின் நினைவு. நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று ஆய்வுக் குழுவே எச்சரித்தது. 2009-இல் ஜெர்மனியில் அல்சைமர் நோயாளிகள் 71 பேருக்கு 10 வாரம் லித்தியம் கொடுத்துப் பார்த்ததில் ஒன்றும் மாறவில்லை. பிரேசிலில் மிகக் குறைந்த அளவில், நோயின் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்த ஆய்வில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. கதவு மூடவில்லை, ஆனால் இன்னும் திறக்கவும் இல்லை.

அம்மாவின் மாத்திரைப் பட்டியலை அந்தப் போத்தலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லித்தியம் வெளியேறுவது கிட்டத்தட்ட முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான். பெரிண்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட், டைக்ளோஃபெனாக் மூன்றுமே அது வெளியேறுவதைக் குறைத்து இரத்தத்தில் ஏற்றிவிடும். ஒன்று இருந்தாலே மருத்துவர் யோசிப்பார், உங்கள் அம்மாவுக்கு மூன்றும் இருக்கின்றன. மனநல மருத்துவத்தில் லித்தியத்தின் அளவை லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நச்சு. இடைவெளி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். அதனால்தான் இரத்தம் எடுத்து எடுத்துச் சரிபார்க்கிறார்கள். தைப்பூசத்தன்று விரதமிருந்து, வெயிலில் தண்ணீர்மலை ஏறி, தண்ணீர் குடிக்க மறந்த ஒரு நாள் போதும், அளவு ஏறிவிடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்கும் இந்தப் போத்தல்களில் பெரும்பாலும் ஒரு மாத்திரைக்குச் சில மில்லிகிராம் லித்தியம்தான் இருக்கும், மனநல மருத்துவர் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு. ஒன்றைப் போட்டதும் விபரீதம் நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. மறதி உள்ளவர் ஒன்றுக்கு மூன்றாகப் போடக்கூடும். இன்னொன்று, லித்தியம் நச்சின் அறிகுறி என்ன? கை நடுக்கம், தள்ளாட்டம், குழறும் பேச்சு, குழப்பம். பார்க்கிற நாம் 'நோய் முற்றிவிட்டது' என்றுதான் நினைப்போம். சர்க்கரை இறங்கியதை நோய் முற்றுவதாக நினைத்தீர்கள் அல்லவா, அதே மாதிரி.

போத்தலைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவான மருந்தானால் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கும். இல்லையென்றால் அதை அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த தடவை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். டைக்ளோஃபெனாக் விஷயத்தையும் அப்போதே கேளுங்கள். லித்தியம் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு பிரஷர் மாத்திரைகளோடு இது சேர்வது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை.

நிலோடினிப் வேண்டவே வேண்டாம்

இதில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரு சிறு ஆய்வு, 37 பேர், 2020-இல் வெளிவந்தது. மூளையில் அமிலாய்டு குறைந்ததாகத் தெரிந்தது. அம்மா தெளிவாவார் என்று சொல்ல அது போதாது. இந்த மருந்துக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைத்துத் திடீர் மரணம்வரை கொண்டுபோகலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையே உண்டு. ஈ.சி.ஜி. எடுக்காமல் தொடங்கக்கூடாது. டொனெபெசிலும் துடிப்பை மெதுவாக்கும் மருந்து. நிலோடினிப் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும், இரத்தக் குழாய்களை அடைக்கவும் செய்யும். வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும், உணவோடு சேர்ந்தால் உடலில் அளவு கூடி ஆபத்தும் கூடும். இதைத்தான் மைலோவில் கலக்கச் சொல்கிறார் அண்ணன்.

மைலோ விஷயத்தில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அம்மாவுக்கு ஆரம்பநிலைதான். பல வருடம் வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவர். என்ன மருந்து, எதற்கு, என்ன ஆபத்து என்று எளிமையாகச் சொன்னால் இன்று அவரால் புரிந்துகொண்டு வேண்டும், வேண்டாம் சொல்ல முடியும். அவருக்குத் தெரியாமல் கொடுப்பது அவர் உரிமையைப் பறிப்பது. ஒரு நாள் தெரிந்துவிட்டால், நீங்கள் நீட்டும் நல்ல மாத்திரையையும் வாங்க மாட்டார். மறதி நோயில் கூட இருந்து பார்ப்பவர் மேல் இருக்கும் நம்பிக்கைதான் பெரிய மருந்து, அதைக் கலக்கிக் கெடுக்காதீர்கள்.

அப்படியானால் என்னதான் வழி?

டொனெபெசில் நோயின் வேரைத் தொடாது என்பது உண்மை. ஆனால் ஒப்புக்குக் கொடுப்பதில்லை. பலருக்கு அன்றாட வேலைகளை இன்னும் கொஞ்ச காலம் தாமாகச் செய்ய உதவுகிறது. வேரைத் தொடும் மருந்து என்றால், அமிலாய்டை நீக்கும் லெகனமாப், டொனனமாப் ஊசிகளைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முறையே 2023, 2024-இல் முழு அனுமதி பெற்றவை. இவை கைனேஸ் மருந்துகள் இல்லை. லெகனமாப் ஆய்வில் 1,795 பேர் இருந்தார்கள். 18 மாதத்தில் நோய் இறங்கும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. மூளை வீக்கம், இரத்தக் கசிவு அபாயத்துக்காக அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பொருந்துமா என்று நிபுணரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பொருந்தாது என்றாலும் அம்மாவைக் கைவிட்டதாக அர்த்தமில்லை.

கைனேஸில் இவ்வளவு ஆர்வம் உள்ள அண்ணனுக்கு ஒரு செய்தி. ஜி.எஸ்.கே-3 என்ற பெயரில் இருக்கும் 'ஜி' கிளைகோஜனைக் குறிக்கிறது. 1980-இல் அதைக் கண்டுபிடித்ததே சர்க்கரைச் சேமிப்பைப் படித்தவர்கள்தான். இன்சுலின் வேலை செய்தால் இந்தக் கைனேஸ் அடங்கும், இன்சுலினுக்கு உடல் மசியாவிட்டால் இது அளவுக்கு மீறி வேலை செய்யும். நீரிழிவுக்காரர்களுக்கு மறதி நோய் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு பலிக்கவில்லை, ஆகவே இதை மருந்தாக நான் விற்கவில்லை. ஆனால் சர்க்கரை ஏறி இறங்காமல் சீராக இருப்பது, பிரஷர், மாலையில் அரைமணி நடை, காது கேட்காவிட்டால் கருவி, இவற்றையெல்லாம் எந்தப் போத்தலும் இல்லாமல் இன்றே செய்யலாம்.

அண்ணனுக்குப் புதிய மருந்துதான் வேண்டும் என்றால் நேரான வழி ஒன்று இருக்கிறது. மருத்துவ ஆய்வில் சேர்வது. தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவான ஆய்வா, நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்று கேளுங்கள். சோதனை மருந்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வல்லாரை, மஞ்சள் பற்றியும் நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதற்கும் இதே பதில்தான். வல்லாரையைப் பெகாகா உலாம் என்ற பச்சைக்கீரையாகவும், மஞ்சளைக் குழம்பிலும் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரையாக அடைத்து விற்பது வேறு கதை, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

உங்களுக்கும் வருமா?

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வந்ததால் உங்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கட்டாயம் பிள்ளைகளுக்கும் இறங்கும் வகை மிக அரிது, அது பெரும்பாலும் அறுபது வயதுக்கு முன்பே தலைகாட்டும். உங்கள் குடும்பத்தில் அப்படித் தெரியவில்லை. அறிகுறி எதுவும் இல்லாமல் 43 வயதில் அந்த டௌ இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். சர்க்கரையையும் கொழுப்பையும் பாருங்கள், அது போதும்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். அம்மாவுக்காகத்தான் ராத்திரி எல்லாம் கண் விழித்துப் படிக்கிறார். அடுத்த அப்பாயின்மெண்ட் நாளில் கோலாலம்பூரிலிருந்து அவரையும் வரச் சொல்லுங்கள். சர்க்கரை நோட்டு, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் ஒரு பையில், அந்த லித்தியம் போத்தல், எல்லாம் மேசை மேல் இருக்கட்டும். கைனேஸ் பற்றி அவரே மருத்துவரிடம் கேட்கட்டும். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.